மடங்காத கட்டைவிரல்

“வாயைத் திறங்க. நாக்கை மேல தூக்குங்க,” என்றேன்.

வேனுக்குள் படுத்திருந்தவர் திறந்தார். சட்டை வியர்வையில் ஊறியிருந்தது. ஒரு கை, சட்டைப் பையோடு சேர்த்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தேன்.

“ஏம்மா, நான் வந்து...”

“உஸ்! பேசவே கூடாது. இந்த மாத்திரை உள்ள போனப்பறம் வழியில பேசினா, நெஞ்சு அப்படியே நின்னுடும்.”

டாக்டர் சொன்னது ‘பேச விடாதே’ என்பது மட்டும்தான். நெஞ்சு நின்றுபோவது என் சொந்தச் சரக்கு. ஆனால் நன்றாக வேலை செய்தது. அவர் கண்கள் விரிந்தன, வாய் மூடிக்கொண்டது. என் பத்தொன்பது வயதில் ஒருவர் என் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

திண்டிவனத்தில் எங்கள் நர்சிங் ஹோமில் நான் ஊசிகளைக் கொதிக்க வைப்பவள். விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு வேன் கிளம்பினால் கூடப் போவது சாந்திமதி சிஸ்டர்தான். அன்று அவருக்குக் காய்ச்சல். டாக்டர் வராந்தா முழுக்கத் தேடிவிட்டு, வேறு யாருமே கிடைக்காததால் என்னைப் பார்த்தார்.

“செண்பகம், பேஷண்ட் வேனுக்குப் போயாச்சு. நெஞ்சுவலி. இதுல ஒரு மாத்திரை நாக்குக்கு அடியில வை. வலி நிக்கலன்னா கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொண்ணு. பேச விடாதே, எழுந்திருக்க விடாதே. சரியா செஞ்சீன்னா இனிமே நீயும் வேன்ல போகலாம். சொதப்பினா ஆயுசுக்கும் ஊசிதான்.”

மருந்து கொடுக்குமுன் ஐந்து விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று சிஸ்டர் விரல் மடக்கிச் சொல்லிக்கொடுத்திருந்தார். நானும் மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். என்ன மருந்து, சுண்டுவிரல். எவ்வளவு, மோதிர விரல். எப்போது, நடுவிரல். எந்த வழியாக, ஆள்காட்டி விரல். கட்டைவிரல் மட்டும் மடங்காமல் நின்றது.

ஐந்தாவது என்ன? நினைவுக்கு வரவில்லை. எட்டாம் வகுப்புப் பரீட்சையிலும் எனக்கு இதே கதிதான். அதோடு பள்ளிக்கூடத்துக்கே முழுக்குப் போட்டாயிற்று. ஐந்துக்கு நாலு என்ன மோசமா?

முன் சீட்டில், டிரைவர் தாண்டவராயன் அண்ணன் பக்கத்தில், வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“பெரியவரே, பின்னாடி வந்து இவரைக் கொஞ்சம் புடிச்சிக்கங்களேன்,” என்றேன்.

“பின்னாடி நமக்கு ஆவாதும்மா, குமட்டும். இங்கதான் காத்து வருது,” என்றவர் திரும்பிப் பார்த்தார். “மாப்ளே, ராத்திரி பூரா அலைஞ்சீங்க, சவுகரியமா படுத்துக்கினு கீறீங்களா?”

மாப்பிள்ளை முன் சீட்டைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி ஆட்டினார். மாமனார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார், பாவம். அந்தக் கையைப் பிடித்துப் படுக்கையில் வைத்தேன்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். இந்த மாத்திரை பிடித்தால் தலை வலிக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் என் மாத்திரை பிடித்துவிட்டது! எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்றை எடுத்தேன்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். நான் விடவில்லை.

“பயப்படாதீங்க, நான் இருக்கேன் இல்ல?”

அவர் என்னைப் பார்த்த பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

விக்கிரவாண்டியில் வேன் நின்றது.

“தம்பி, ஒரு கோலி சோடா குடிச்சிக்கிறேன். ஒரு ஏப்பம் வந்தா தேவலை,” என்றார் பெரியவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இங்க ஒரு உசுரு ஊசலாடிக்கினு கெடக்குது. உங்களுக்கு சோடா கேக்குதா?”

“கோச்சிக்காதம்மா, ஜல்தியா குடிச்சிடறேன்.”

“ஏ செண்பகம், பேஜாரு பண்ணாத,” என்றார் தாண்டவராயன் அண்ணன். “ஒரு நாளு வண்டியில ஏறினதுக்கே இந்த அதிகாரமா?”

பெரியவர் பாதி சோடாவை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஏப்பம் வந்ததாகத் தெரியவில்லை. திட்டினால்தான் மனிதர்களுக்குப் புத்தி வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

விழுப்புரம் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர் ஓடி வந்தார்கள். பின்னாலேயே ஒரு நர்ஸ். நான் சாந்திமதி சிஸ்டர் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டு இறங்கினேன்.

“ரெண்டு மாத்திரை குடுத்தாச்சு சிஸ்டர். வழி பூரா வாயே தொறக்க விடல. வலி சுத்தமா நின்னுடுச்சு.”

சொல்லும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாளையிலிருந்து ஊசி கொதிக்க வைக்க அவர்கள் வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

“நல்லது. பேஷண்ட் பேரு என்ன?” என்றார் நர்ஸ்.

பேர். அதை நான் கேட்கவே இல்லை.

படுத்திருந்தவர் அப்போதுதான் நெஞ்சிலிருந்து கையை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து எங்கள் டாக்டரின் கடிதத்தை உருவி, வாயைத் திறக்காமலே நர்ஸிடம் நீட்டினார். வழியெல்லாம் அவர் அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தது அதைத்தான்.

யாருக்கு? அதுதான் ஐந்தாவது. என் கட்டைவிரல் தானாக மடங்கியது.

முன் கதவு மெல்லத் திறந்தது. பெரியவர் இடது கையை வலது கையால் தாங்கியபடி, கதவைப் பிடித்து, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்து என்னிடம் வந்தார்.

“அம்மாடி, என் மாத்திரைய எப்பம்மா குடுப்பே?”