மாடியில் ஒரு லைஃப் கோச்

"நீயெல்லாம் ஒரு அப்பனாய்யா?" என்று கேட்கத்தான் நவீன்குமாருக்கு வாய் துறுதுறுத்தது.

பின்னே? பெற்ற பையனை நாலு பேர் எதிரில் மட்டமாகப் பேசிவிட்டு, அதோடு அவனிடம் பேச்சையும் நிறுத்திக்கொண்ட மனுஷன், எதிரே நாற்காலியில் கால்மாற்றி உட்கார்ந்திருந்தார்.

ஆனால் லைஃப் கோச் என்பவன் திட்டக் கூடாது. புத்தி சொல்லவும் கூடாது. கேள்விதான் கேட்க வேண்டும். ஆன்லைன் பயிற்சியில் முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

"பேசாம இருக்கிறதால உங்களுக்கு என்னங்கய்யா கிடைக்குது?"

சின்னராஜ் பிடரியைச் சொறிந்தார். "இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்."

சொன்னான். அவர் உதடு அசைய அதை மனப்பாடம் செய்துகொண்டார்.

"காசு குடுத்து வந்தா நீங்க என்னையே கேக்குறீங்க. சரி, வர்ற புதன்கிழமை சொல்றேன்."

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் நவீன்குமார் போர்டு மாட்டி ஆறு மாதமாகிறது. படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் ஜாதகம் பார்ப்பீர்களா என்றார்கள். மீதிப் பேர் இன்சூரன்ஸா என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார்கள்.

"சென்னை வேலைய வுட்டுட்டு வாயிலயே வடை சுடப் போறானாம்" என்று அப்பா சுப்பிரமணி தன் புளி மண்டியில் பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கே பெட்டியோடு இந்த மாடிக்கு வந்தவன்தான் நவீன். மண்டித் தெரு வந்தால் சுற்றிக்கொண்டு போவான்.

பங்குனிக்குள் ஒரே ஒரு ஆளுக்காவது நிஜமாகப் பலன் கிடைக்கவில்லை என்றால் போர்டைக் கழற்றிவிட்டுச் சென்னைக்கே போய்விடுவது என்று வைத்திருந்தான். அப்போது வந்து சேர்ந்தவர்தான் சின்னராஜ். காவலூர் தாண்டி மலைமேல் ஏதோ ஓர் ஊர். வாரம் ஒருமுறை கீழே இறங்குவார்.

அடுத்த புதன் சரியாக வந்தார்.

"ஒண்ணுமே கெடைக்கல சார். சோறுதான் எறங்க மாட்டேங்குதாம்."

"எறங்க மாட்டேங்குதாமா? யாருக்கு?"

"எனக்குத்தான். மனசு சொல்லுது."

நவீன் நெகிழ்ந்துபோனான். மனசைக் கேட்டுக்கொண்டு வருகிற ஆள் லேசில் கிடைப்பாரா?

"சரிங்கய்யா. நீங்களே முதல்ல பேசினா என்ன ஆயிடும்னு பயப்படுறீங்க?"

அதற்கும் ஒரு வாரம் வாங்கிக்கொண்டார். மூன்றாவது புதன் பதில் வந்தது.

"அவன் மூஞ்சத் திருப்பிக்கினு போய்ட்டான்னா?"

"இப்ப மட்டும் திருப்பாமலா இருக்கான்? புதுசா இழக்க என்னங்கய்யா இருக்கு?"

சின்னராஜ் முகம் பளிச்சென்று ஆனது. "இத அப்டியே சொல்றேன்" என்று எழுந்து வேகமாக இறங்கிப் போனார்.

அன்று நவீன் சந்தோஷத்தில் இரண்டு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டான்.

நான்காவது புதன், சின்னராஜ் வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் அவர் மனைவி ராணியம்மாள் மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"இன்னாய்யா இங்க ஒக்காந்துக்கினு கீற? பஸ்ஸு வந்துடும்."

"வாங்கம்மா" என்றான் நவீன். "பையன் இப்ப எப்படி இருக்கான்?"

"யாரு பையன்? எங்களுக்கு ரெண்டும் பொண்ணுங்க. கட்டிக் குடுத்தாச்சு."

சின்னராஜ் தரையைப் பார்த்தார்.

"இவர் இங்க இருக்கார்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"புளி மண்டிக்கார்ருதான். சுப்பிரமணி அண்ணன்."

நவீனுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஆக, ஆறு மாதத்தில் கிடைத்த ஒரே ஆளும் அப்பா அனுப்பிய ஆள்.

"பாவம், புள்ளைக்கு ஒரு கிராக்கிகூட வரலைன்னு உங்கள நடிக்க அனுப்பினாரா? ரெண்டு பேரும் மண்டியில ஒக்காந்து நல்லா சிரிச்சீங்களா? போதுங்கய்யா. போர்டைக் கழட்டிடறேன். போய் அவர்கிட்ட சொல்லிடுங்க."

"சத்தியமா சிரிக்கல தம்பி." சார் போய்த் தம்பி வந்துவிட்டது. "நடிக்கவும் இல்ல. இங்க சொன்னது அத்தனையும் நெசம். இன்னா ஒண்ணு, அது என்னோட கத இல்ல. நீங்க கேட்ட கேள்விய, மண்டிக்குப் புளி போடப் போறப்ப உங்கப்பாவாண்ட கேப்பேன். அவரு ஒரு வாரம் யோசிச்சு சொல்றத இங்க வந்து ஒப்பிப்பேன்."

"அவரே யோசிச்சாரா?" என்றான் நவீன்.

"போன வாரம் நீங்க சொன்னத சொன்னேன். எடை போடறத நிறுத்திட்டு அப்டியே ஒக்காந்துட்டாரு. கண்ணு கலங்கிப்போச்சு மனுஷனுக்கு."

சின்னராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"அவரு அர மணி நேரமா கீழ படியாண்டதான் நிக்கிறாரு தம்பி. நேரா மேல வரலாமா, இல்ல போன் பண்ணி நேரம் வாங்கிக்கினுதான் வரணுமான்னு கேட்டுனு வரச் சொன்னாரு."