மூத்தவர் யாரோ அவரே கேப்டன்

"அடுத்த கேப்டன் நான்தான்னு எங்க ஒப்பந்தத்துல எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுத்திருக்காங்க சார்," என்றான் துணை விமானி.

"எங்க ஒப்பந்தத்துலயும்தான்," என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் விமானி, அவன் பக்கம் திரும்பாமலே.

"எங்க கம்பெனிதான் உங்க கம்பெனியை வாங்கிச்சு. ஞாபகம் இருக்கட்டும் மேடம்."

"விமானத்தை வாங்கினீங்க. எங்க சர்வீஸையும் சேர்த்தா வாங்கினீங்க?"

மேனேஜர் தலையைச் சொறிந்துகொண்டார். போன மாதம் இரண்டு விமான கம்பெனிகளும் ஒன்றாகிவிட்டன. முதலாளிகள் கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கம்பெனிக்கு ஒருவராக வந்து உட்கார்ந்திருக்கும் இந்த இரண்டு பேரையும் சமாளிப்பது அவர் தலையில் வந்து விடிந்தது. காலியாக இருப்பதோ ஒரே ஒரு கேப்டன் இடம். இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது.

"பழைய ஒப்பந்தம் ரெண்டும் இனிமே செல்லாது. யார் முதல்ல வேலைக்குச் சேர்ந்தாங்களோ அவங்கதான் சீனியர். நீங்க ரெண்டு பேரும் எட்டு வருஷம் முன்னாடி ஒரே நாள்ல சேர்ந்து தொலைச்சிருக்கீங்க."

"அப்போ?"

"வயசுதான். யார் மூத்தவங்களோ அவங்க கேப்டன்."

அவனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எட்டு வருடமாகக் கேப்டனுக்கு வலது பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனவன். அவளுக்கு இருபத்தொன்பதுதான் என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அவனோ முப்பதைத் தாண்டி எவ்வளவோ காலமாயிற்று. காதோர நரைக்கு இரண்டு மாதமாக டை அடித்துக்கொண்டிருக்கிறான். உலகமே வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டு திரிய, வயதானதற்காக ஒருத்தன் சந்தோஷப்பட்டது அந்த அறையில்தான்.

ஆனால் ஒரு சிக்கல். மேசை மேல் குனிந்து கிசுகிசுத்தான். "சார், வயசைச் சத்தமாப் படிக்காதீங்க. யார் சீனியர்னு மட்டும் சொல்லிடுங்க."

கிசுகிசுப்பு அவள் காதிலும் விழுந்துவிட்டது. "நானும் அதையேதான் கேக்கலாம்னு இருந்தேன் சார்," என்றாள்.

"நல்லா இருக்கே. படிக்காம சொன்னா நாளைக்கு உங்க ரெண்டு சங்கமும் வந்து என்னைப் பிச்சுத் தின்னுடும். ரெண்டு பேர் முன்னாடியும் படிக்கணும், அதுதான் விதி. வேண்டாம்னா யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்க."

அவன் அவள் பக்கம் திரும்பிக் குரலில் தேன் தடவிக்கொண்டான். "நீங்க விட்டுக்குடுக்கலாமே மேடம்."

"வேற எதுன்னாலும் விட்டுக்குடுப்பேன். இது மட்டும் முடியாது. நீங்க விட்டுக்குடுங்களேன்."

"என்னாலயும் முடியாது."

அவன் மனசுக்குள் கணக்குப் போட்டான். வயது வெளியே வந்தால் மானம் கொஞ்சம் கப்பலேறும். கையில் காலில் விழுந்தாவது அதைச் சமாளித்துவிடலாம். கேப்டன் இடம் போனால் போனதுதான்.

"படிங்க சார்," என்றான், வருவது வரட்டும் என்று. அவளும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத் தலையாட்டினாள்.

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தார். "சாருக்கு முப்பத்தாறு. மேடத்துக்கு முப்பத்தேழு. வாழ்த்துகள் கேப்டன் மேடம்."

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "முப்பத்தேழா? கல்யாணம் பேசும்போது உங்கப்பா இருபத்தொன்பதுன்னு அடிச்சுச் சொன்னாரே!"

"உங்கம்மா மட்டும் உங்களுக்கு முப்பத்தொண்ணுன்னு சொல்லலியா?" என்றாள் அவள். "அடுத்த வாரம் கல்யாணத்தை வச்சுக்கிட்டு ஊரைக் கூட்டாதீங்க. கேப்டன் சொல்றேன், உக்காருங்க."