வர்ற டிக்கெட்டு

கோச்சி இன்னும் நகரவே இல்லை. அதற்குள் ராசம்மா ஒப்பாரியை எடுத்துவிட்டாள்.

மாத்தளை ஸ்டேஷனில் ஒருவர் பெட்டியோடு கோச்சி ஏறினால் அழ வேண்டும். தோட்டத்துச் சனங்களுக்கு அது எழுதாத சட்டம்.

எழுபதுகளில், நீங்கள் இந்த இலங்கை நாட்டு ஆட்கள் இல்லை என்று அரசாங்கம் பெயர் பெயராகப் பிரித்து அனுப்பியபோது, இங்கேதான் குடும்பம் குடும்பமாக ஏறினார்கள். தலைமன்னார் வரை கோச்சி, அப்புறம் கப்பல், அப்புறம் கண்ணால் கண்டிராத இந்தியா. போனவர்களில் ஒருவர்கூட இந்த மேடையில் மறுபடி கால் வைக்கவில்லை.

அதனால்தான் இன்றைக்கும் யட்டவத்தைக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து ஒரு லொறி நிறையப் பெண்கள் வந்து இறங்கி, கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு தயாராக நின்றார்கள்.

யாருக்காக அழுதார்களோ அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யோகமலர், காத்தாயியின் ஒரே மகள். ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. கவ்வாத்து வெட்டுக்குத் தப்பிய தேயிலை என்று பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள். அந்த உயரம்தான் அவளை வலைப்பந்துக் கூடைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது நாட்டு அணியில் ஆட ஜமைக்கா வரைக்கும் கொண்டுபோகிறது.

அவள் முதுகில் ‘ஸ்ரீ லங்கா’ என்று பெரிதாக எழுதியிருந்தது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்தும் ‘நீ யார்’ என்று கேட்ட நாடு, நாலாவது தலைமுறையின் முதுகில் தன் பெயரை எழுதி அனுப்புகிறது. காத்தாயிக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் சட்டையைத் துவைக்கும்போது அந்த எழுத்துகளை மட்டும் கல்லில் அடிக்காமல் கையால் கசக்கியிருந்தாள்.

ஜமைக்கா எங்கே இருக்கிறது என்று தோட்டத்து லய வீடுகளில் யாருக்கும் தெரியாது. கிரிக்கெட் பார்க்கிற பையன்கள் ‘வெஸ்ட் இண்டீஸ் பக்கம்’ என்றார்கள். பெயரிலேயே இந்தியா வருகிறதே என்று ராசம்மா அன்றைக்கே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள்.

விசாவுக்கு அவர்கள் கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று. அழைப்புக் கடிதம், காலாவதியாகாத பாஸ்போர்ட், காது தெரிகிற படம். விசாவும் குத்தியாயிற்று. போய் இறங்கும் இடத்தில் எல்லாவற்றையும் இன்னொரு தரம் பார்ப்பார்களாம்.

கடைசியாக ஒரு முறை கைப்பையைத் திறந்து பார்த்தாள் யோகமலர். சிரிப்பு நின்றுபோனது.

பாஸ்போர்ட் இருந்தது. போகிற டிக்கெட் இருந்தது. வருகிற டிக்கெட்டைக் காணோம்.

ஒப்பாரி பாதியில் அறுந்தது. பெண்கள் பையையும் பெட்டியையும் மேடையிலேயே கொட்டி உதறினார்கள். சப்பாத்துக்குள் எல்லாம் கையை விட்டுத் தேடினார்கள். கார்ட் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

காத்தாயி மட்டும் குனியவில்லை. இரண்டு கையாலும் மடியைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“எங்கிட்டதான் இருக்கு. நீ போ. வர்ற டிக்கெட்டு மாரியம்மன் படத்துக்குப் பின்னால இருந்துச்சுன்னா, அதுவே ஒன்னைய இழுத்துக்கிட்டு வந்துரும்.”

மகளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

“அது இல்லாமப் போனா உள்ளயே விட மாட்டாங்கம்மா! திரும்பிப் போக டிக்கெட்டு இருக்கா, இவளுக்குன்னு ஒரு நாடு இருக்கான்னு பாத்துட்டுத்தான் கதவையே தொறப்பாங்க. அதுதான் அங்க சட்டம்.”



காத்தாயிக்குத் தெரிந்த சட்டமெல்லாம் போகச் சொல்கிற சட்டங்கள்தான். திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று ஒரு சட்டம், அதுவும் முன்பின் தெரியாத ஒரு நாட்டில், தன் மகளுக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த ஜமைக்காக்காரர்கள் நன்றாக இருக்கட்டும் என்று வயிறு குளிர வாழ்த்தினாள்.

விசில் ஒலித்தது. பெண்கள் வாரி அடைத்துக் கொடுத்த பையோடும் பெட்டியோடும் யோகமலர் ஏறிக்கொண்டாள். கோச்சி அசைந்தது.

மடி அவிழ்ந்தது. வெற்றிலைக் காவி படாமல் பொலித்தீன் பையில் சுற்றியிருந்த டிக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்தாயி ஓடினாள். சேலை தடுக்கியது. செருப்பு ஒன்று கழன்றது. ஜன்னலுக்கு வெளியே நீண்ட அந்த நெட்டைக் கை, பந்தைப் பிடிப்பதுபோல டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டது.

காத்தாயி மூச்சு வாங்கி நின்றாள். பிறகு நாக்கைச் சுழற்றிக் குலவை இட்டாள்.

அவிழ்ந்த தலையோடு நின்ற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சாவு வீட்டுக்கு வந்த இடத்தில் கலியாணமா என்று ராசம்மா ஒரு கணம் திகைத்தாள். அப்புறம் அவளும் நாக்கைச் சுழற்றினாள். ஒரு லொறி நிறையக் குலவை மாத்தளை ஸ்டேஷன் கூரையில் மோதியது. கார்ட் பச்சைக் கொடியை மடக்க மறந்து திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

காத்தாயி செருப்பைத் தேடித் திரும்பி நடந்தாள்.

இதே மேடையில், கழுத்தில் புதுத் தாலியோடு அவள் ஒரு முறை ஓடியிருக்கிறாள். புருஷனுக்குக் கிடைத்த இந்த நாட்டுப் பிரஜாவுரிமை அவளை இங்கே நிறுத்திக்கொண்டது. “எப்பம்மா வருவே?” என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். தலைமன்னார் கோச்சியின் ஜன்னலில் இருந்த அவளுடைய அம்மா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அதில் ஒரே ஒரு டிக்கெட்தான் இருந்தது.

ஸ்டேஷன் வாசலில் லொறிக்கார முத்துவீரன் பீடியை அணைத்தான். காத்தாயி கொண்டையை இறுக்கி முடிந்தாள்.

“அடுத்த மாசம் ஆறாந் தேதி லொறிய வேற யாருக்கும் குடுத்துறாத. வர்ற புள்ளையக் கூட்டியாரணும்.”