எட்டடிப் பாப்பா

அந்தப் படத்துக்குக் கீழே நூற்றுப் பதினேழு பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

முனியராஜ் எண்ணிப் பார்த்தான். விருதுநகரில் கல்லூரி முடிந்து காரியாபட்டி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அவனுக்கு வேறு ஜோலி இல்லை.

வரைந்தவர் ஜெமிமா. சென்னைக்காரர். பழைய பட்டாசு லேபிள்களைத் தேடிப் பிடித்து, சுவர் உயரத்துக்குத் துணியில் வரைந்து இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்.

இப்படி ஓவியர்களைத் தேடிப் பிடித்து, படத்துக்குக் கீழே பவ்யமாக நாலு வரி எழுதுவது முனியராஜின் கலைத்தொண்டு. ஒருவர் வெள்ளைத் துணியை வெள்ளையாகவே மாட்டி வைத்தபோது, 'அண்ணே, ரெண்டாவது கோட்டு எப்ப அடிப்பீங்க?' என்று கேட்டவன் அவன்.

இந்தப் படம் எட்டடி. கம்பி மத்தாப்புப் பெட்டியின் லேபிள். பட்டுப்பாவாடை, இரட்டைச் சடை, கையில் மத்தாப்பு, வாய் கொள்ளாத சிரிப்பு. தலைப்பு, 'தொலைந்த மகள்'.

'இவளை எங்கே விட்டோம்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'எனக்குப் பிறக்காமல் போனவள்' என்றார் இன்னொருவர். ஒரு பேராசிரியர் மூன்று பத்திக்கு அழுதிருந்தார்.

முனியராஜுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த லேபிள் அவன் வீட்டு பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

அந்த மகள் அவன்தான்.

மொட்டை போடும் முன்னால் ஆண்பிள்ளைக்குச் சடை பின்னி, பாவாடை கட்டி, ஸ்டூடியோவில் உட்கார வைத்து ஒரு படம் எடுப்பது வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்து. அப்பா செல்லச்சாமி அப்போது ஒரு அச்சகத்தில் கட்டிங் மெஷினில் இருந்தார். மத்தாப்பு ஆர்டருக்கு ஒரு பாப்பா முகம் வேண்டும் என்று முதலாளி கேட்டார். அப்பா சட்டைப்பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் அம்மா சொன்னதுதான். சின்ன வயதில் பீரோவைக் காட்டி அது யார் என்று கேட்டதற்கு, "நீதாம்லே" என்றாள்.

முனியராஜ் எழுதினான்: 'அழாதீங்க அக்காமார்களே. தொலைந்த மகள் கிடைத்துவிட்டாள். மீசையோடு நலமாக இருக்கிறேன். சாப்பிட்டாச்சு.'

ஊர் வருவதற்குள் எண்ணூறு லைக்.

"ஏலே தொலைஞ்ச மகளே, சடையக் கொஞ்சம் ஒதுக்கு, காத்து வரல" என்றான் பக்கத்து சீட்டில் இருந்த கூட்டாளி டென்னிஸ்.

இறங்கும்போது ஜெமிமாவே தனிச்செய்தி அனுப்பியிருந்தார். அடுத்த மாதம் சென்னையில் கண்காட்சி. படத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை மாட்டுவார்களாம். அதில் அவன் பெயரைப் போடலாமா?

இதுவரை அவன் பெயர் சுவரேறியது ஒரே ஒரு இடத்தில்தான், அரியர் பட்டியலில். யோசிக்காமல் இனிஷியலோடு அனுப்பினான். செ. முனியராஜ்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் இன்னொரு செய்தி வந்தது.

'ஒரு சந்தேகம் தம்பி. கீழ் ஓரத்தில், மத்தாப்புப் பொறிகளுக்கு அடியில் இன்னொரு கை இருக்கிறது. கைக்குழந்தையின் கை. பாவாடையைப் பிடித்திருக்கிறது. லேபிளைப் பெரிதாக்கியபோதுதான் கண்ணில் பட்டது. இருந்தபடியே வரைந்துவிட்டேன். அது யார்?'

முனியராஜ் திரையை விரித்தான். பொறிகள் பெரிதாயின. அவற்றுக்கு நடுவே நான்கு விரல்கள். மணிக்கட்டில் கறுப்பு வளையல்.

அவன் ஒரே பிள்ளை.

படத்தில் முகத்தை விரித்தான். பாப்பாவின் இடது கன்னத்தில் ஒரு குழி. கண்ணாடி முன்னால் போய் நின்று, போனைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துப் பார்த்தான். குழி விழவில்லை. இன்னும் பலமாகச் சிரித்தான். கண்ணாடியில் பார்க்கச் சகிக்கவில்லை.

அம்மா கருப்பம்மாள் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து போனை நீட்டினான். வழக்கமான குரலில்தான் கேட்டான்.

"ஏம்மா, பொறந்தப்ப எனக்கு மூணு கையா?"

கருப்பம்மாள் சிரிக்கவில்லை. கையைச் சேலையில் துடைத்துவிட்டு போனை வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தக் குட்டிக் கையின்மேல் விரலை வைத்தாள்.

"இதாம்லே நீ."

மத்தாப்பு பிடித்திருந்தவளை முனியராஜ் காட்டினான்.

"கற்பகவல்லி. ஒங்கக்கா. தம்பிய மடியில வச்சாத்தான் போட்டாவுக்கு உக்காருவேன்னு ஒரே அடம். லேபிளுல ஒன்ன மறைக்கப் பொறிய வரைஞ்சுட்டாக. லேபிளு அச்சாகி வரும்போது அவ உசுரோட இல்ல. நீ வெவரந் தெரியாம வந்து கேட்டா, நான் என்னத்தச் சொல்ல?"

அவன் பிறந்த ஊரான ஏழாயிரம்பண்ணையை விட்டுவிட்டு, ஒரு சொந்தபந்தம் இல்லாத காரியாபட்டிக்கு ஏன் குடிவந்தார்கள் என்று அவன் கேட்டதே இல்லை. இப்போதும் கேட்கவில்லை.

நேற்று அனுப்பிய பெயரில் இனிஷியல் மட்டும் சரி.

அம்மாவின் விரல் பட்டுத் திரை நகர்ந்தது. படம் மேலே போய், வட்ட வட்ட முகங்களோடு எழுத்துகள் வந்தன. அவளுக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும்.

"இதெல்லாம் என்னலே?"

"படம் பாத்தவங்க எழுதுனதும்மா. அழுறாங்க."

"நம்ம புள்ளைக்கா?"

தலையாட்டினான்.

"முன்னப் பின்ன தெரியாத ஆளுகளா? அம்புட்டுப் பேருமா?" சேலைத்தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டு, துக்க வீட்டில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "வாசி. ஒண்ணு விடாம வாசி."

எல்லாவற்றுக்கும் உச்சியில் அவன் எழுதியதுதான் நின்றது. லைக் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது.

இரண்டாவதிலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.