துண்டு காய்கிறது

கண்ணாடிப் புட்டியை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள் ஆய்வகக்காரி. உள்ளே ‘கிளைக்கால்’ என்ற வெளிர்மஞ்சள் ஈரமுறிஞ்சித் திரவம் தேனைப் போலச் சோம்பலாகச் சரிகிறது. பூமிக்கடியிலிருந்து நனைந்து வரும் எரிவாயுவைத் துவட்டுவதால், ஆலையில் எல்லோருக்கும் அது ‘துண்டு’தான். துவட்டி ஈரமானதை இருநூறு டிகிரியில் கொதிக்கவைத்து, நீரை ஆவியாக விரட்டி, மறுபடியும் துவட்ட அனுப்புகிறார்கள். இன்று காலையிலிருந்து துண்டு சரியாகக் காயவில்லை. ஈர வாயுவை அனுப்பினால் குழாய்க்குள் பனிக்கட்டிபோல் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதனால் வால்வு மூடியிருக்கிறது, ஊர் அடுப்புகள் அணைந்திருக்கின்றன. வால்வுச் சக்கரத்தில் கை வைத்தபடி நிற்கிறான் அவளுடைய கொழுந்தன்.

“அண்ணி, துண்டு காஞ்சுதா இல்லையா? வீட்ல அண்ணன் பச்சப்பால மொறச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.”

“காஞ்சிருச்சு. நூத்துல ஒரு பங்கு தண்ணிகூட இல்ல. தெற.”

சக்கரம் சுழல, குழாய் அடிவயிற்றிலிருந்து முனகுகிறது. கொதிகலன் கோபுரத்தின் உச்சியில் வெள்ளை ஆவி திரள்கிறது. அவன் அண்ணாந்து பார்க்கிறான்.

“அந்தத் தண்ணி கடைசியா எப்ப அண்ணி வெயில பாத்திருக்கும்?”

“ஆறு கோடி வருஷம் இருக்கும்.”

அவன் முகத்தில் கேலி இல்லை. நழுவும் தலைக்கவசத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆவி நீலத்தில் கரைகிறது.

“போயிட்டு வா,” என்கிறான் மெதுவாக.