வாய் திறக்காத வீடு

கூடத்தில் அவன், அவன் மனைவி, ஒன்றரை வயது மகள், குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருக்கும் அவன் அக்கா.

“இன்னும் அம்மான்னுகூடச் சொல்லலையேடா. நீ ராத்திரி வேலைக்குப் போய்ட்டு பகல்ல தூங்குற. உன் பொண்டாட்டி வாயைத் திறந்து நான் பார்த்ததில்ல. பேச்சு எங்கேருந்து வரும்? என்கிட்ட விடு, ஆறே மாசம்.”

அக்கா பிடித்த பிடியை விடுகிறவளில்லை.

அப்போது மகள் தாயைப் பார்த்து விரல்களை அசைத்தாள். தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“என்னடா பண்றா?”

“பேசுறாக்கா. காது கேக்காத அம்மாகிட்ட கையாலதானே பேசணும்? நேத்துவரைக்கும் ஒத்தை ஒத்தை வார்த்தைதான். இன்னிக்கு மூணு வார்த்தையைக் கோத்துட்டா. உன் பையன் இந்த வயசுல பேசினானா?”

“அப்படி என்ன சொன்னா?”

“அத்தை, வீட்டுக்கு, போ.”

அக்கா பையை எடுத்துக்கொண்டு தனியாக வெளியேறினாள். தாய் கதவைச் சாத்திப் பூட்டினாள்.