இடது கை

நுரையீரல் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களைச் சுகாதாரத் துறையினர் ஆயுள் முழுவதும் கண்காணித்தார்கள். மாதம் ஒருமுறை சந்தனராஜுக்கு இயந்திரக் குரலில் அழைப்பு வரும். "உடம்புக்கு ஏதும் தொந்தரவு உண்டா?" இல்லை என்றதும் துண்டித்துவிடும். மனைவி போன பிறகு அவரை அழைப்பது அது ஒன்றுதான்.

சித்திரையில் ஒருநாள், "இடது கை மரத்துப் போகுது" என்று சொல்லிவைத்தார்.

மறுநாளே நர்ஸ் பெல்சியா வந்துவிட்டாள். விரல் விரலாக அழுத்திப் பார்த்தாள். அவர் போட்ட டீயைக் குடித்தாள். பிறகு வாராவாரம் வந்தாள். அவர் இரண்டாவதாக ஒரு தம்ளர் வாங்கி வைத்தார்.

ஒரு வாரம் அவள் டீயைத் தொடவில்லை.

"ஊசிய நிறுத்திட்டாங்க ஐயா. உங்கள மாதிரி தனியா இருக்கிற நெறைய பேரு கை மரத்துப் போகுதுன்னு சொல்லுதாங்களாம், ஊசியாலதான்னு சந்தேகப்படுதாங்க. எங்க தெருவுல காய்ச்சல் வந்து ரெண்டு பிள்ளைங்க இறந்துபோச்சு. என் மகளுக்கு நாளைக்கு ஊசி போட இருந்தேன்."

சந்தனராஜ் தம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. யாராவது வரணும்னுதான் அப்படிச் சொன்னேன். ஆபீஸ்ல போய்ச் சொல்லிரு."

பெல்சியா நிமிர்ந்து பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தன.

"என் பிள்ளைக்காகப் பொய் சொல்லாதீங்க ஐயா" என்றவள், அவருடைய இடது கையை எடுத்து மெதுவாக நீவிவிடத் தொடங்கினாள்.